குறுக்கே படித்தவை

பிப்ரவரி 9, திங்கள்

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. வாளியைச் சுவரோரமாக வைத்தால் தண்ணீர் வெளியே விழுகிறது. குழாய்க்கு நேராக வைத்தால் அக்கா இடித்துக்கொள்கிறாள். நேராகவே வைத்துவிட்டு, வாளி இருக்கிறது, வாளி இருக்கிறது என்று அவள் உள்ளே போகும்போதெல்லாம் கத்திக்கொண்டிருந்தேன். "இன்னும் முழுக் குருடி ஆகலடா. ஊரைக் கூட்டாத" என்றாள்.

பிறகு வழக்கம்போல அவளோடு அவள் வேலை பார்க்கும் கணித ஆய்வு நிறுவனத்துக்குப் போய், மூன்றாம் மாடி அறையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கிரீனைப் படித்துச் சொன்னேன். கணக்குப் போடும் சாஃப்ட்வேர் பதிலைப் பட்டியலாகத் தரும். பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். வாய்விட்டுப் படிக்கும் இயந்திரக் குரல் ஒன்றும் கம்ப்யூட்டரில் இருக்கத்தான் செய்கிறது. அது அடைப்புக்குறிகளை விழுங்கிவிட்டு எண்களை மட்டும் கடகடவென்று ஒப்பிக்கும். எந்த எண் எந்தப் பட்டியலுக்குள் என்று தெரியாமல் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். அதனால்தான் நான். "திற, திற, திற, ஆறு, மைனஸ் ஒன்று, ஒன்பது, மூடு, திற..." சாயங்காலத்துக்குள் நாக்கு வெளியே வந்துவிடுகிறது.

ஆனாலும் வேலை என்று ஒன்று இருக்கிறதே. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன் நான். இப்போது அங்கே பதிவு செய்த பெண்குரல்தான் பேசுகிறது. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று அவள் சொல்லும்போது வருத்தத்தின் வாடைகூட இல்லை. நான் சொன்னால் பயணிகள் என்னைத் திட்டுவார்கள். திட்டுவதற்காவது ஒரு ஆள் இருந்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஆள் வந்து சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பைப் போட்டுவிட்டுப் போனார். இனி அடைப்புக்குறிகளே இல்லை. பதில் கட்டம் கட்டமாக, கோடு போட்டு, அச்சடித்த அட்டவணை மாதிரி வருகிறது. எனக்குப் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. எத்தனையோ வருடம் அட்டவணையை இடமிருந்து வலமாகப் படித்த வாய் இது.

அக்கா சந்தேகப்பட்டாள். "அடைப்புக்குறி எங்க போச்சு?"

"தேவையில்லையாம். ஒவ்வொண்ணும் தனித்தனிக் கட்டத்துல அழகா நிக்குது."

"மூணு மூணா வருதா?"

"மூணு மூணாத்தான் வருது."

"அப்ப சரி. படி. ஆனா அடுத்த ரயில் நடைமேடைக்கு வர மாதிரி இழுக்காத."

முன்பு ஒரு நாள் எடுத்த வேலை இன்று சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

பிப்ரவரி 17, செவ்வாய்

அக்கா இன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடித்தது.

நான் படித்துக்கொண்டிருந்தது இதுதான்: "இரண்டு, ஒன்று, மைனஸ் மூன்று. மைனஸ் ஐந்து, மூன்று, இரண்டு. நான்கு, மைனஸ் ஏழு, மூன்று."

"நிறுத்து. மூணையும் கூட்டு."

"எந்த மூணை?"

"ஒவ்வொரு மூணையும் கூட்டிப் பாரு."

கூட்டினேன். பூஜ்யம். அடுத்த மூன்றும் பூஜ்யம். அதற்கடுத்ததும். அடுத்த பக்கத்திலும் அப்படியே. ஸ்கிரீனுக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள், ஏதோ அவளுக்கும் தெரியப்போகிற மாதிரி.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் புரியும்படி சொன்னாள். எண்கள் மூன்று மூன்றாகக் கட்டுக்கட்டாக வரும். ஒவ்வொரு கட்டும் தனக்குள் கூடிப் பூஜ்யமாகிறது என்று காட்டிவிட்டால், அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து துரத்திக்கொண்டிருக்கும் ஒன்று பிடிபட்டுவிடும். அப்படி இருக்கலாம் என்று நிறைய பேர் சந்தேகப்பட்டிருக்கிறார்களாம். யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

"நானும் பாக்கல. நீதான் பாத்த" என்று சிரித்தாள்.

நான் பார்த்தேன். ஒரு கணிதக் கண்டுபிடிப்பை, ரயில்வேயிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட நான்.

பிப்ரவரி 20, வெள்ளி

கண் டாக்டரிடம் போனோம். இடது கண்ணில் மிச்சமிருக்கும் ஓரப்பார்வையும் இந்த வருடத்துக்குள் போய்விடும் என்றார். வலதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சொட்டு மருந்து வேகத்தைக் குறைக்குமாம், நிறுத்தாதாம். வெளியே வந்ததும் அக்கா, "அதுக்குள்ள முடிச்சிடலாம்டா" என்றாள். கண்ணைச் சொல்கிறாளோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். நிரூபணத்தைச் சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

தாடிக்காரர் அறைக்கு வந்தார். அடுத்த அறையில் இருக்கும் பேராசிரியர், அக்காவின் சக ஊழியர். தாடியைத் தவிர அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூஜ்யக் கதையைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்காராமலே நின்றுகொண்டிருந்தார். மார்ச் 17 அன்று எல்லார் முன்னாலும் அக்கா பேச வேண்டும் என்று அவரே ஏற்பாடு செய்துவிட்டார்.

விஷயம் பேச்சு மட்டுமில்லை. அக்காவின் பணி ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது. பார்வை போகிற ஆளுக்கு நீட்டிப்பு எதற்கு என்று இயக்குநர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது, "பேச்சு முடியட்டும், நல்லபடியா யோசிக்கலாம்" என்றாராம்.

"நல்லபடியான்னு சொன்னாரா, யோசிக்கலாம்னு மட்டும் சொன்னாரா?" என்று தாடிக்காரரிடம் அக்கா கேட்டாள். நல்லபடியா என்ற சொல் இருந்ததாக அவர் சத்தியம் செய்தார்.

மார்ச் 3, செவ்வாய்

நிரூபணத்தில் பாதி வந்துவிட்டது. சமையலறையில் பாட்டு முணுமுணுக்கிறாள். ராகம் படுமோசம்.

மார்ச் 11, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

இன்று அக்கா கடைசியாக ஒரு சின்ன உதாரணத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். பேச்சில் யாராவது கேட்டால் பதில் வேண்டும் என்று. பதில் வந்தது. எப்போதும் ஒரு வரிசையில் மூன்று கட்டம் இருக்கும், இதில் இரண்டுதான். நான் வழக்கம்போலப் படித்தேன்: "நான்கு, மைனஸ் நான்கு. மைனஸ் ஒன்று, ஒன்று. இரண்டு, மைனஸ் இரண்டு."

"ரெண்டு ரெண்டா எப்படி வரும்? மூணு மூணாத்தான் வரணும். சரியாப் பாரு."

பார்த்தேன். இரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மூன்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. மேலிருந்து கீழே படித்தேன். "நான்கு, மைனஸ் ஒன்று, இரண்டு. மைனஸ் நான்கு, ஒன்று, மைனஸ் இரண்டு."

"ம். இப்ப சரி." மனதில் கூட்டினாள். "அஞ்சு வருது. பூஜ்யம் இல்ல. பரவாயில்ல, இது ஓரத்துல நிக்கிற உதாரணம், கோணலாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவள் தாடிக்காரரோடு சாப்பிடப் போனாள். எனக்குப் பசி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு கட்டத்துக்குள் இருப்பதுதான் ஒரு கட்டு. மேலிருந்து கீழ். அப்படியென்றால் மூன்று கட்டம் இருக்கும்போதும் மேலிருந்து கீழ்தானே? நான் மூன்று கட்டத்தையும் குறுக்கே வெட்டி, முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று... ரயில் அட்டவணை மாதிரி. மூன்றுக்கு மூன்று என்பதால் எப்படிப் படித்தாலும் மூன்று மூன்றாகவே வந்தது.

பதிலைப் பழையபடி ஒரே வரியில், அடைப்புக்குறிகளோடு காட்டும் பட்டன் ஒன்று மெனுவில் ஒளிந்திருக்கிறது. அழுத்தினேன். இரண்டு, மைனஸ் ஐந்து, நான்கு. மூடு. கூட்டினால் ஒன்று. ஒன்று, மூன்று, மைனஸ் ஏழு. மூடு. கூட்டினால் மைனஸ் மூன்று.

ஒன்றும் பூஜ்யம் இல்லை. பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்றிரண்டு தற்செயலாக வருகின்றன. மற்றபடி எதுவும் இல்லை.

அவள் திரும்பி வந்து, "ஏண்டா சத்தமே காணோம்?" என்றாள். தலைவலி என்றேன்.

மார்ச் 12, வியாழன்

காலையில் காபி கொடுக்கும்போது சொல்லிவிடுவதென்று இருந்தேன். அவள் எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைத்திருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் கறை. "வாசனையை வச்சே பிடிச்சிட்டேன், பாத்தியா" என்று பெருமை வேறு. நான் அடுப்பைத் துடைத்தேன்.

எதற்காகக் காத்திருக்கிறேன்? சொல்லாமல் விட்டால் தாடிக்காரர் பேச்சு முடிந்த கையோடு தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார். அவர் கண் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லார் முன்னாலும் அவள் நிற்பாள். ஆகச் சொல்லித்தான் தீர வேண்டும். தெரிகிறது. தெரிந்துதான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

சொல்லவில்லை.

மார்ச் 14, சனி

பேச்சுக்குப் போட்டுக்கொள்ள ஒரு புதுச் சட்டை வாங்கினாள். என்ன நிறம் என்று கேட்டாள். நீலம் என்றேன். எந்த மாதிரி நீலம் என்றாள். சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்னால் ஜன்னலில் தெரியுமே, அந்த நீலம் என்றேன். திருப்தியாகிவிட்டது அவளுக்கு. என்னிடம் கேட்டால் சரியாகச் சொல்வேன் என்று கடைக்காரப் பெண்ணிடம் வேறு சொன்னாள்.

நீலம்தான் அது. அதிலாவது பொய் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

என்னைச் சோபாவில் உட்கார வைத்து, நான்தான் மொத்தச் சபையும் என்று சொல்லிவிட்டு, பேச்சை முதலிலிருந்து ஒத்திகை பார்த்தாள். நன்றாகப் பேசுகிறாள். நடுவில் ஒரு இடத்தில், "இதை என் தம்பிதான் முதலில் பார்த்தான்" என்று வருகிறது. எழுதி வைத்து மனப்பாடம் செய்திருக்கிறாள் அந்த வரியை.

"அக்கா, நான் குறுக்க படிச்சிட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும்."

கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். சாஃப்ட்வேர் முதல் அடுக்குப் பட்டியலைக் கீழ்நோக்கி வைக்கிறது, இரண்டாவது அடுக்கைக் குறுக்கே, மூன்றாவதை மறுபடி கீழ்நோக்கி. நான் குறுக்கே போனவன் போய்க்கொண்டே இருந்துவிட்டேன். அவள் குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "கட்டத்துக்குள்ள மேலயும் கீழயுமா நின்னுச்சுன்னு நீ சொல்லலியே" என்றாள்.

"நீ கேக்கலியே."

ஏன் அப்படிச் சொன்னேன். வாயில் வேறு எதுவுமே வரலியா எனக்கு. எத்தனை வார்த்தை இருக்கு உலகத்துல.

"ஆமா. கேக்கல" என்றாள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து, அடைப்புக்குறிகளோடு எல்லாவற்றையும் மறுபடி படிக்கச் சொன்னாள். திற, திற, திற. மேசை ஓரத்தில் விரல்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையும் கூட்டினாள். பிறகு குறுக்கேயும் கூட்டினாள். குறுக்கே எல்லாம் பூஜ்யம்.

"குறுக்க பூஜ்யம் வரும்கிறது முதல் வருஷப் பிள்ளைக்குத் தெரியும்" என்றாள். "கணக்கையே அப்படித்தான் அமைச்சு வச்சிருக்கோம். நீ கட்டுன்னு படிச்சதை வச்சு அந்தக் குறுக்குக் கணக்கை ஒரு தடவை கூட்டியிருந்தா பூஜ்யம் வராம இடிச்சிருக்கும், அன்னிக்கே மாட்டியிருக்கும். தெரிஞ்ச விஷயம்தானேன்னு நான் கூட்டல. தப்பு என்மேலதான் பாதி."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு எப்ப தெரிஞ்சுது?" என்றாள்.

"புதன்கிழமை."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு போனை எடுத்துத் தாடிக்காரரைக் கூப்பிடச் சொன்னாள். அவரிடம், "பேச எதுவும் இல்லை. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

பேச்சு நடக்க வேண்டிய நேரத்தில் அக்கா பட்டாணி உரித்தாள். ஒன்றுகூடச் சிந்தவில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். திட்டு, திட்டு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். தோலைப் போட இன்னொரு பாத்திரம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 30, திங்கள்

தாடிக்காரர் வீட்டுக்கே வந்தார். பழைய வேலையை வைத்தே ஒரு பேச்சுக் கொடுக்கலாம், இயக்குநரிடம் நான் பேசுகிறேன் என்றார். அக்கா வேண்டாமென்றுவிட்டாள். புறப்படும்போது வாசலில் என்னிடம், "யாருக்கு வேணும்னாலும் நடந்திருக்கும்" என்றார். யாருக்கு நடந்திருக்கும்? கண் தெரியாத கணக்குக்காரியும் அட்டவணை படித்தே பழகிய தம்பியும் சேர்ந்த வீடு ஊரில் எத்தனை இருக்கிறது?

ஏப்ரல் 8, புதன்

சாஃப்ட்வேர்க்காரர்களுக்குப் புகார் எழுதியிருந்தேன். உள்ளே உள்ள பட்டியலைக் கீழ்நோக்கி அடுக்குகிறீர்கள், எது எதற்குள் இருக்கிறது என்று மனிதனுக்கு எப்படித் தெரியும் என்று கொஞ்சம் காரமாகவே கேட்டிருந்தேன். இன்று பதில் வந்தது. விடை சரியாக உள்ளதாம். பட்டியலிலும் பிழை இல்லையாம். இது காட்டும் விதம் மட்டுமேயாம், விரும்பினால் மாற்றிக்கொள்ளலாமாம். எங்கள் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றியாம்.

அக்காவுக்குப் படித்துக்காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "அவங்க சொல்றது சரிதானே. விடை சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

மே 4, திங்கள்

மூன்றாம் மாடி அறையைக் காலி செய்துகொடுத்தோம். நீட்டிப்பு இல்லை. இயக்குநர் பூங்கொத்து கொடுத்தார். என்ன பூ என்று அக்கா என்னைக் கேட்கவில்லை, முகர்ந்து பார்த்துக்கொண்டாள். புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டோம். வீட்டுக்கு எதுவும் வேண்டாமாம்.

எனக்கு ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது, வாசலில் நின்று உள்ளே வருகிற லாரிகளின் எண்ணைப் பதிய வேண்டும். போ என்று அக்காவே தள்ளினாள். பகலில் அவளுக்குத் துணை வேண்டுமே என்றதற்கு, கீழ் வீட்டுத் தையல்காரம்மா இருக்கிறாளே என்றாள்.

மே 19, செவ்வாய்

அக்கா என்னிடம் நன்றாகத்தான் இருக்கிறாள். இதைத் தினமும் எழுத வேண்டும்போல் இருக்கிறது. நேற்று என் லாரிக் கதைக்குச் சிரித்தாள். காலையில் பேப்பர் படிக்கிறேன், கேட்கிறாள். இடது கண் அநேகமாகப் போய்விட்டது. ஒரு வார்த்தை மனத்தாங்கல் இல்லை. எல்லாம் ஆறிவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஜூன் 9, செவ்வாய்

புதுச் சொட்டு மருந்து நேற்று வந்தது. வேலைக்குப் போவதற்கு முன்னால் சீட்டைப் படித்துக்காட்டினேன். காலையில் இரண்டு சொட்டு, இரவில் ஒன்று, வலது கண்ணுக்கு மட்டும், திறந்தால் ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். அவள் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். சரி என்றேன்.

கிடங்கில் மின்சாரம் போய் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். மாடிப்படி ஏறும்போது தையல்காரம்மாவின் கதவு திறந்திருந்தது. மிஷின் சத்தம் இல்லை. அக்காவின் குரல் கேட்டது.

"இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

தையல்காரம்மா நிதானமாகப் படித்தாள். காலையில் இரண்டு சொட்டு. இரவில் ஒன்று. வலது கண்ணுக்கு மட்டும். ஒரு மாதம்.

"அப்படித்தான் போட்டிருக்கா?"

"அப்படித்தாம்மா. மத்தது எங்க? எப்பவும் எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டு வருவீங்களே. காலைப் பேப்பரையும் காணோம்."

"இன்னிக்கு இது மட்டும்தான் புதுசு."

"தம்பி படிச்சுக் காட்டலியா?"

"காட்டினான். பாவம், நல்லாத்தான் படிக்கிறான்." சீட்டை மடிக்கும் சத்தம் கேட்டது. "அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

சத்தமில்லாமல் இறங்கினேன். தெருமுனைவரை போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். ஒரு ஆள் வழி கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன், தெரிந்த வழிதான். வழக்கமாக வரும் நேரத்துக்கு மறுபடி மாடி ஏறி, செருப்பைக் கொஞ்சம் சத்தமாகவே கழற்றினேன். அக்கா சோபாவில் இருந்தாள்.

"மருந்து போட்டுக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"காலைலயே போட்டாச்சு" என்றாள். "நீ படிச்சபடிதான்."